பிணியுற்ற வீரரும் அபிமானிகளின் அன்பும்

(புனே நகரில் தமிழ் பௌத்தர்களின் பௌர்ணமிக் கூட்டமொன்றில் ஆற்றிய அறவுரை)



பந்து விளையாட்டுக்கும் பகவன் புத்தரின் தம்மத்துக்கும் யாது தொடர்பு என்று உங்களிற் சிலர் வினவலாம். நம் இளைஞர்கள் கிர்க்கியிலும் தேகு ரோட்டிலும் மாலை வேளைகளில் கால்பந்து ஆடுவதை நான் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறேன். அவர்களுடைய வீட்டுச் சுவரிலே பகவன் திருவுருவமும், பாபாசாகேபின் படமும், அவற்றுக்குச் சிறிது கீழே ஏதேனும் ஓர் அயல்நாட்டு ஆட்டக்காரரின் படமும் இருக்கும். இதனைக் குற்றமென்று கடிந்துகொள்ளும் பெரியோர் உண்டு. நான் அவ்வாறு கடிய மாட்டேன். பிறனொருவன் திறமையைக் கண்டு, அது தன் திறமை அன்றாயினும், தனக்கு அதனால் ஒரு காசும் வருவதில்லையாயினும், உள்ளம் பொங்கி மகிழ்கிறானே, அந்த மகிழ்ச்சிக்குத் தம்மத்திலே பெயர் உண்டு. அதுவே முதிதை. அயலான் உயர்வு கண்டு புழுங்கும் உலகத்தில், ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே கூடி அயலான் உயர்வு கண்டு ஆர்ப்பரிக்கும் இடம் விளையாட்டு மைதானம் ஒன்றுதான் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆனால் அந்த வீரர் ஆட்டத்தைவிட்டு நீங்கி, முதுமையும் பிணியும் உற்றுப் படுக்கையிற் கிடக்கும்போது, அந்த முதிதை என்னவாகிறது? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவே.

2022-ஆம் ஆண்டு இறுதியில் கத்தார் நாட்டிலே உலகக் கோப்பைப் போட்டிகள் நடைபெற்றன. அந்நாட்களில் பிரேசில் நாட்டுப் பெரும் வீரர் பெலே, சாவோ பாலோ நகர மருத்துவமனை ஒன்றில் பெருங்குடற் புற்றுநோயால் வாடிக் கொண்டிருந்தார். அபிமானிகள் அவர் நலம்பெற வேண்டி மைதானத்திலே மிகப் பெரிய துணிப்பதாகையை விரித்துப் பிடித்தனர். டிசம்பர் 5-ஆம் நாள் தென் கொரியாவை வென்ற பின்னர், பிரேசில் வீரர்களே அவர் பெயர் தீட்டிய துணியை ஏந்தி மைதான நடுவில் நின்றனர். அவர் ஆட்டத்தை நேரிற் கண்டிராத, அவர் ஆடிய காலத்திற்குப் பின்னரே பிறந்த இளைஞர்களும் கண் கலங்கினர். டிசம்பர் 29-ஆம் நாள், தமது 82-ஆம் வயதில், அவர் காலமானார். 1977-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவர் நியூயார்க் காஸ்மாஸ் குழுவினருடன் கல்கத்தாவுக்கு வந்து மோகன் பகானுக்கு எதிராக ஆடியவர். ஆதலின் வங்காளத்திலும் அந்தத் துயரம் பெரிதாகவே இருந்தது.

அதே வாரத்தில், டிசம்பர் 26-ஆம் நாள், கல்கத்தா மருத்துவமனை ஒன்றிலே 86 வயதான மற்றொரு கால்பந்து வீரர் சேர்க்கப்பட்டார். சிறுநீர்த் தொற்றும் வயிற்று வீக்கமும் அவரை வருத்தின. அவருடைய சிகிச்சையை மேற்கு வங்க அரசு கவனித்து வந்தது. பிப்ரவரி 16, 2023 அன்று அவர் மறைந்தார். அவர் பெயர் துளசிதாஸ் பலராம். இங்கே கூடியிருப்போரில் பெலேயின் பெயரை அறியாதார் ஒருவரும் இரார். பலராமின் பெயரை அறிந்தோர் கை உயர்த்துங்கள் என்றால் எத்தனை கைகள் எழும்? இத்தனைக்கும் அவர் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர்.

செகந்திராபாத் படைவீட்டை அடுத்த அம்முகுடா என்னும் சிற்றூரில் 1936-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். படைவீட்டைச் சார்ந்து பிழைக்க வந்த தமிழர் என்றால் என்ன வாழ்க்கை என்பதைப் புனேயில் உள்ள நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. நம் பாட்டன்மாரும் அவ்வாறு வந்தவர்களே. ஏழைப் பிள்ளையான அவரைக் கண்டெடுத்தவர் ஹைதராபாத்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். நகரத்துக்குப் பயிற்சிக்கு வந்துபோக வழியில்லை என்று பலராம் சொன்னபோது, வாடகைச் சைக்கிளுக்கான பணத்தை ரஹீமே கொடுத்து வந்தாராம். 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. அந்தக் குழுவில் பலராம் இருந்தார். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கிலே ஹங்கேரிக்கு எதிராக ஒரு கோலும் பெரு நாட்டிற்கு எதிராக ஒரு கோலும் போட்டார். 1961-இல் ஈஸ்ட் பெங்கால் குழுவின் தலைவராக நின்று கல்கத்தா லீக் வெற்றியைத் தேடித் தந்தார். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், நூறாயிரம் பேர் கூடி எதிர்த்துக் கூச்சலிட்ட மைதானத்தில், தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் கொணர்ந்த குழுவிலும் அவர் ஆடினார். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் ஆகிய மூவரையும் மும்மூர்த்திகள் என்றே அக்காலத்தார் அழைத்தனர்.

அடுத்த ஆண்டு, 1963-இல், பெங்கால் நாக்பூர் ரயில்வே குழுவில் இருந்தபோது நுரையீரலைப் பற்றிய நோய் அவரை மைதானத்தினின்றும் விலக்கிவிட்டது. வயது 27-ஐயும் கடக்கவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் அவரைக் கண்டெடுத்த ரஹீமும் நுரையீரற் புற்றுநோயால் மாண்டார். ஜகார்த்தாவில் வெற்றிபெற்ற ஓராண்டிற்குள் நிகழ்ந்தவை இவை.

சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். பலராம் நாட்டுக்காக ஆடிய காலம் 1956 முதல் ஏறத்தாழ ஏழாண்டுகள். ஆட்டம் நின்ற பின்னர் அவர் வாழ்ந்த காலமோ ஏறத்தாழ அறுபது ஆண்டுகள். திருமணம் செய்துகொள்ளாமல், ஹூக்ளி ஆற்றங்கரையில் உத்தர்பாராவில் தனியே வாழ்ந்தார். 1962-இல் அர்ஜுனா விருது கிடைத்தது. தம்முடன் ஆடிய மற்ற இருவருக்கும் கிடைத்த பத்மஸ்ரீ பட்டம் அவருக்கு மட்டும் இறுதிவரை கிடைக்கவேயில்லை. அபிமானம் என்னும் அந்த மாபெரும் வெள்ளம் ஏழாண்டுகளில் வந்து வடிந்துபோக, அறுபது ஆண்டுகள் அவர் கரையில் அமர்ந்திருந்தார் என்றே நான் கொள்கிறேன்.

இனி நம் விநயத்திலே மகாவக்கத்தில் வரும் நிகழ்ச்சி ஒன்றைக் கேளுங்கள். நீங்கள் முன்பே கேட்டதுதான். எனினும் அதில் ஒரு விடையை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். பகவன் ஆனந்தருடன் பிக்குகளின் உறைவிடங்களைச் சுற்றிப் பார்த்து வருகையில், வயிற்றுக் கடுப்பால் தன் கழிவிலேயே வீழ்ந்து கிடந்த ஒரு பிக்குவைக் கண்டார். உன்னைக் கவனிப்பார் இலரோ என்று கேட்டார். இலர் என்றான். ஏன் என்று வினவினார். அதற்கு அப்பிக்கு சொன்ன விடை யாதெனில், தான் மற்றப் பிக்குகளுக்கு எவ்வுதவியும் செய்யாதவன், ஆதலின் அவர்கள் தன்னைக் கவனிப்பதில்லை என்பதே.

இந்த விடையை மீண்டும் நினைந்து பாருங்கள். அவன் சங்கத்தைக் குறைகூறவில்லை. கோபிக்கவுமில்லை. நான் பயன்படாதவன், ஆகையால் கைவிடப்பட்டேன் என்று, மழை பெய்தது நிலம் நனைந்தது என்பதுபோல், இயல்பாகச் சொல்லுகிறான். பயன் உள்ளவரை கவனிப்பு, பயன் தீர்ந்தால் தீர்ந்தது என்னும் உலக வழக்கு அவன் நெஞ்சினுள்ளும் குடிகொண்டிருந்தது. கோல் போடும் கால் ஓய்ந்த வீரரும், தறி ஓட்டும் கை ஓய்ந்த தொழிலாளியும், நோயுற்றபோது தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சொல் அதுதான்.

பகவன் அந்த விடையை மறுத்து வாதிக்கவில்லை. ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தாமே ஊற்ற, ஆனந்தர் கழுவினார். தலைப்பக்கம் தாமும் கால்பக்கம் ஆனந்தருமாகத் தூக்கிப் படுக்கையிற் கிடத்தினர். அதன் பின்னரே பிக்குகளைக் கூட்டி, உங்களைப் பேணத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை, ஒருவரையொருவர் நீங்களே பேணாவிடில் வேறு யார் பேணுவார் என்று கேட்டார். நோயாளிக்குச் செய்யும் பணிவிடை தமக்குச் செய்யும் பணிவிடை என்றும் அங்கேதான் உரைத்தார்.

தாயும் இல்லை, தந்தையும் இல்லை என்ற சொல் நம்மை எவ்வளவு அணுக்கமாகத் தொடுகிறது! தம்மம் தழுவியபின் நம்மிற் பலருடைய வாசலில் உற்றார் மிதிப்பது அரிதாயிற்று. திருமணத்துக்கு வரார், காரியத்துக்கு வரார், காய்ச்சல் என்றால் எட்டியும் பாரார். அது கிடக்கட்டும்.

அன்புடையோரே, முதிதை வேறு, கருணை வேறு. பிறர் இன்பத்தில் பங்கு கொள்வது முதிதை. பிறர் துன்பத்தைத் தாங்க முற்படுவது கருணை. மைதானம் நமக்கு முன்னதைப் பழக்குகிறது. பின்னதைப் பழக்குவதில்லை. ஆகவே வீரர் நோயுற்றதும் அபிமானி திகைக்கிறான். காஞ்சியிலும் தங்கியிருந்தவரென்று நாம் பெருமை கொள்ளும் ஆசாரியர் புத்தகோசர், விசுத்தி மார்க்கத்திலே ஒவ்வொரு நற்பண்புக்கும் தொலைப்பகை ஒன்று, அண்மைப்பகை ஒன்று என்று இரண்டு காட்டுகிறார். முதிதைக்குத் தொலைப்பகை வெறுப்பு. அதனை எவரும் அடையாளம் கண்டுகொள்வர். அண்மைப்பகையோ உலகியற் களிப்பு. அது முதிதையின் உடையை உடுத்தே வரும். கருணைக்குத் தொலைப்பகை கொடுமை. அண்மைப்பகை துயரத்திலே மூழ்குதல். வீரருக்குப் புற்றுநோய் என்று கேட்டுத் தேம்பி அழுது, அழுதபின் தன் கடன் தீர்ந்ததென்று உறங்கப் போகிறவனிடம் இருப்பது கருணை அன்று, அதன் அண்மைப்பகையே.

இதற்கு உதாரணமாகப் பிரேசில் நாட்டின் மற்றொரு வீரரைச் சொல்வேன். ஆலைத்தொழிலாளியாகிய எனக்கு அவர்மீது தனிப் பற்றுண்டு என்பதையும் ஒளிக்க மாட்டேன். காரிஞ்சா என்பது அவர் பெயர். பாவ் கிராந்தே என்னும் ஆலையூரிலே 1933-இல் பிறந்து, 14 வயதில் அங்குள்ள துணி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறவியிலேயே கால்கள் வளைந்தவர். அந்த வளைந்த கால்களால் 1958-லும் 1962-லும் உலகக் கோப்பையை வென்று தந்தார். மக்களின் மகிழ்ச்சி என்றே அவரை அழைத்தனர். குடி அவரை அழித்தது. சுராபானம் விலக்கும் ஐந்தாம் சீலத்தை இங்கே விரித்துரைக்க இது நேரமன்று, நீங்களே அறிவீர்கள்.

1973-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அவருக்குப் பொருளுதவி திரட்டுவதற்காக ரியோ நகரத்து மரக்கானா மைதானத்தில் ஓர் ஆட்டம் நடத்தினர். ஒரு லட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். அது நல்ல செயல். மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் 1980-ஆம் ஆண்டு திருவிழா ஊர்வலத்தில், நோயால் தளர்ந்து மருந்து மயக்கத்தில் இருந்தவரை அலங்கார வண்டியின்மேல் அமர்த்தித் தெருவிலே கொண்டு சென்றனர். அன்பினாலேதான் செய்தனர். கண்டோர் நெஞ்சம் கலங்கிற்று. மூன்றாண்டு கழித்து, 1983 ஜனவரி 20-இல், 49 வயதில் அவர் மாண்டார். அவருடைய உடலை மரக்கானாவில் வைத்தபோது மக்கள் வெள்ளமாகத் திரண்டு வந்தனர். அந்த 1973-ஆம் ஆண்டு ஆட்டத்துக்கும் 1980-ஆம் ஆண்டு ஊர்வலத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் நெடுநாள் சிந்தித்ததுண்டு. முன்னதில் நோயாளிக்கு வேண்டியது எது என்று கேட்டனர். பின்னதில் தமக்கு வேண்டிய பழைய காரிஞ்சாவை நோயாளியிடமிருந்து கேட்டனர்.

நோயாளியைப் பேணுவோனுக்கு ஐந்து தகுதிகள் வேண்டுமென்று விநயம் விதிக்கிறது. மருந்தைப் பக்குவம் செய்யத் தெரிய வேண்டும். எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று அறிந்து, ஒவ்வாததை நீக்க வேண்டும். ஆதாயம் கருதாது அன்பினால் செய்ய வேண்டும். மலசலம், கோழை, வாந்தி இவற்றை எடுக்க அருவருக்கலாகாது. வேளை வாய்க்கும்போது தம்ம உரையால் நோயாளியின் மனத்தைத் தேற்ற வேண்டும். தொலைவிலுள்ள அபிமானிக்கு இவற்றுள் முதலாவதும் நான்காவதும் இயலாது. மற்றவை இயலும். ஒவ்வாததை நீக்குதல் என்பது உணவுக்கு மட்டும் உரியதன்று. நோயாளியின் படுக்கையருகே நின்று புகைப்படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவதும் ஒவ்வாததே. இறந்துவிட்டார் என்ற பொய்ச்செய்தியை விசாரியாது பரப்புவதும் அத்தகையதே.

அருவருப்பைப் பற்றிச் சொன்னேன். இந்தப் புனே நகரத்தின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. கால்பந்து அன்று, கிரிக்கெட், எனினும் பொருந்தும். சமார் குலத்திற் பிறந்த பல்வாங்கர் பாலு, இங்கேயுள்ள வெள்ளையர் கிளப்பு மைதானத்திலே ஆடுதளத்தைச் சீர்ப்படுத்தும் ஊழியராக இருந்தவர். மாதச் சம்பளம் நான்கு ரூபாய். வலையிலே துரைமார்களுக்குப் பந்து வீசிப் பழகியே மிகச் சிறந்த பந்துவீச்சாளரானார். இந்துக்களின் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது, அவர் எறிந்த பந்தைக் கையால் தொட்டது, அவரால் வென்றது. ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தூக்கி எறியும் மண் குவளையிலே தேநீர் கொடுத்தது. 1911-இல் இங்கிலாந்து சென்று நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தித் திரும்பியவர் அவர். திறமையைத் தொடலாம், திறமையுடையவனைத் தொடலாகாது என்னும் இந்த விந்தையான அன்பை நாம் நன்கறிவோம். நோயுற்றவனிடம் காட்டும் விலகலும் இதற்கு உடன்பிறந்ததே. ஆட்டத்தை அணைத்துக்கொள்கிறோம். ஆடியவனுடைய எச்சில் குவளையைக் கண்டு பின்வாங்குகிறோம்.

எங்கள் ஆலையில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். பஞ்சு பிரிக்கும் கார்டிங் இலாகாவில் வேலை. ஆலைக் குழுவிலே முன்வரிசை ஆட்டக்காரர். ஞாயிற்றுக்கிழமை அவர் பந்தோடு ஓடினால் மூன்று ஷிப்ட் ஆட்களும் எல்லைக்கோட்டில் நின்று ஆரவாரிப்போம். பருத்தித் தூசி அவர் மார்பில் இறங்கியது. விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பும்போது மூச்சுப் பிடிக்கும். வாரம் செல்லச் செல்லச் சற்றுக் குறையும். அதுவே பருத்தித் தூசி நோயின் முதற்குறி. பின்னர் எல்லா நாளும் திங்கட்கிழமை ஆயிற்று. வேலையை விட்டார். முதல் ஞாயிறன்று அவர் குடிசை வாசலில் நிற்க இடமில்லை. அத்தனை பேர் சென்றோம். ஆப்பிளும் ரொட்டியும் குவிந்தன. ஐந்தாம் ஞாயிறு சென்றவர் மூவர். காசம் என்று எவனோ கிளப்பிவிட்டான். அதன்பின் ஒருவரே சென்றார். அந்த ஒருவர் ஆட்டத்தின்மேல் சிறிதும் விருப்பமில்லாத, துப்புரவு வேலை செய்த ஒரு பெரியவர்.

அது காசமும் அன்று. காசமாயினும் அஞ்சி ஓடத் தேவையில்லை என்பதை உலகுக்குக் காட்டியதே நம் சென்னைதான். 1956-இல் அங்கே தொடங்கிய காசநோய் மருந்தாய்வு நிலையம், ஏழை நோயாளிகளிற் சிலரைச் சானட்டோரியத்திலும் சிலரை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. வீட்டிலிருந்து மருந்துண்டவர்களும் ஏறத்தாழ அவ்வாறே குணமடைந்தனர். வீட்டாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை. 1959-இல் வெளிவந்த அந்த முடிவு உலகெங்கும் மருத்துவ முறையையே மாற்றியது. முறையாக மருந்துண்பவன் அருகில் அமர்ந்து பேசத் தடையில்லை.

ஒரு சகோதரர் சென்ற மாதம் என்னிடம் கேட்டார்: ஒரு வீரரின்மேல் இத்தனை பாசம் வைப்பது பற்று அன்றோ, பற்று துக்கத்துக்குக் காரணம் அன்றோ என்று. நல்ல கேள்வி. வக்கலி என்னும் பிக்கு ஒரு குயவர் வீட்டில் கடும் நோயுற்றுக் கிடந்தார். பகவனைக் காண வேண்டுமென்று நெடுநாள் ஏங்கியும், எழுந்து செல்ல உடலிலே வலுவில்லை என்று வருந்தினார். அழுகிப்போகும் இந்த உடலைக் காண்பதில் என்ன உண்டு, தம்மத்தைக் காண்பவனே தம்மைக் காண்பவன் என்று பகவன் அவருக்கு உரைத்தார். இதனை எடுத்துக்காட்டி, ஆகவே உருவத்தின்மேல் அன்பு வேண்டாம் என்பர் பலர். சரிதான். ஆனால் அந்த உபதேசத்தைப் பகவன் எங்கிருந்து சொன்னார்? ஆளனுப்பிச் சொல்லவில்லை. குயவர் வீட்டிற்குத் தாமே சென்று, எழ முயன்ற நோயாளியை எழ வேண்டாமென்று தடுத்து, அருகே அமர்ந்து, வலி குறைந்ததா என்று முதலிற் கேட்டு, அதன் பின்னரே சொன்னார். போகாதிருப்பதற்குப் பற்றின்மையைச் சாக்காகச் சொல்வோர் இந்தப் பகுதியையும் படிக்க வேண்டும்.

நோயுற்ற வீரரிடம் சென்று என்ன பேசுவது? பழைய வெற்றிகளையே ஓயாது பேசினால், இழந்ததையே நினைவூட்டியதாகாதா? ஆகலாம், ஆகாமலும் இருக்கலாம். முதியவர் நகுலபிதாவுக்குப் பகவன் சொன்னது, உடல் நோயுற்றாலும் உள்ளம் நோயுறாதிருக்கப் பழகுக என்பது. ஒருவருக்குப் பழைய கோலைப் பற்றிப் பேசினால் முகம் மலரும். மற்றொருவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். முகத்தைப் பார்த்துப் பேசத் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு வேறு சூத்திரம் நான் அறியேன். ஆலை நண்பரைக் காணச் சென்ற அந்தப் பெரியவர் பெரும்பாலும் ஒன்றும் பேசமாட்டார். முதுகைத் தடவிவிடுவார், வெந்நீர் வைப்பார், வந்துவிடுவார்.

நம் கூட்டத்தைச் சேர்ந்தோரில் மூவர் இப்போது படுக்கையில் உள்ளனர். ஒருவர் தேகு ரோட்டில், 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 25-இல் பாபாசாகேப் பகவன் திருவுருவை நிறுவிய விகாரைக்குச் சற்றுத் தொலைவில் இருக்கிறார். அவர் ஒருகாலத்தில் நல்ல கோல்கீப்பர் என்பது இளைஞர்களுக்குத் தெரியாது. மற்ற இருவர் கிர்க்கியில் உள்ளனர். வரும் ஞாயிறு முதல் முறைவைத்துச் செல்வதற்குப் பெயர் கேட்டிருந்தோம். முதல் வாரத்திற்குப் பதினொரு பெயர்கள் வந்துள்ளன. ஆறாம் வாரத்திற்கும் ஏழாம் வாரத்திற்கும் இன்னும் ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. பட்டியல் வாசற்கதவருகே மேசைமேல் இருக்கிறது. பேனாவும் அங்கேயே வைக்கப்பட்டிருக்கிறது.